தட்டு ஸ்டாண்டில் ஏழாவது இடம்

எங்கள் வீட்டில் தட்டு கழுவிச் சொருகி வைக்கிற ஸ்டாண்டு இரண்டு இருக்கிறது, மேடம். ஒன்றில் தட்டு. இன்னொன்றில் போன். இதைச் சொன்னதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எங்கள் ஊர் வல்லம் வடகாலுக்கு ஒருநாள் வந்து பார்த்தால் தன்னுடைய போனையும் ஒரு சந்தில் சொருகிவிட்டுத்தான் போவார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். பேர் பாஞ்சாலி. வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்காரர் பேர் தணிகாசலம். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதிக் காட்டினாலும் படித்துவிட்டு "சரி" என்பார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது கிடைத்ததை வைத்து ஆறு ரூம் கட்டினோம். ரூமுக்கு இரண்டு பெண்கள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள், செல்போன் செய்கிற கம்பெனியில் லைனில் வேலை. நாள் முழுக்கச் செல்போன் செய்கிற பெண்கள் தங்கள் செல்போனோடு உள்ளே போகக் கூடாதாம். கேமரா இருக்கிறதே, படம் எடுத்துவிடுவார்களாம். சோறு வடிப்பவள் சோறு சாப்பிடக் கூடாது என்கிற மாதிரி. கம்பெனியில் லாக்கர் உண்டு. ஷிஃப்ட் முடிந்து லாக்கர் வரிசையில் நின்று போனை வாங்குவதற்குள் பஸ் போய்விடும். அதனால் காலையில் பஸ் ஏறும் முன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். நான் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில் பன்னிரண்டு சந்து. ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் போட்டேன். ஏழாவது சந்து சுகப்பிரியாவுடையது.

பகலில் பன்னிரண்டு போனும் பேசும். ஒன்று அதிரும், ஒன்று பாடும், ஒன்றில் அம்மா கூப்பிடுவாள், ஒன்றில் ஓ.டி.பி. கோடு வந்து விழும். மத்தியானம் இடைவேளையில் கம்பெனிக்குள் இருக்கிற போனிலிருந்து எனக்குக் கூப்பிடுவார்கள். "அக்கா, என் போனைத் திறந்து கோடு என்னன்னு பாத்துச் சொல்லுங்கக்கா." திறக்க வேண்டுமானால் பாஸ்வேர்டு வேண்டும். ஒரு போனுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, லீவு போடுகிற ஆப்புக்கு ஒன்று. எத்தனையைத்தான் மனசில் வைப்பது? போன வருஷத்து தினசரிக் காலண்டர் அட்டை சும்மா கிடந்தது. அதன் பின்பக்கம் எழுதி வைத்தேன். முன்னால் முருகர், பின்னால் இருபத்து மூன்று பாஸ்வேர்டு. முருகரைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இதைவிடப் பத்திரமான இடம் உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறதா? தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிற மஞ்சள் சீட்டை நான் உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். கவிப்பிரியா என்பது உங்கள் மகளா? பின்னால் 2016 போட்டிருக்கிறது. ஒன்பது, பத்து வயது இருக்கும். நல்ல பேர்.

பாஸ்வேர்டை வைத்தே ஒரு பெண்ணின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம், மேடம். பேருக்குப் பின்னால் 123 இருந்தால் அது அம்மா. 143 இருந்தால் அது பையன். சாமி பேர் இருந்தால் புதிதாக ஊரிலிருந்து வந்தவள். கம்பெனிக்காரன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வான். இவர்கள் பேரை விட்டுவிட்டு எண்ணில் ஒன்றைக் கூட்டுவார்கள். பேரே மாறினால் சங்கதி இருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ காதல் முறிந்த சேதி அந்தப் பையனுக்குத் தெரியும் முன்னே எனக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பெனியில் ஒருநாள் இதற்கென்றே வகுப்பு வைத்து, அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். பெண்கள் அதில் அப்பளம் மடித்து வைத்திருந்தார்கள். நான்தான் எடுத்துத் துடைத்து ஸ்டாண்டுக்கு மேலே ஒட்டினேன். 'கோடை யாரிடமும் சொல்லாதீர்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதாதீர்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போடாதீர்கள். நீளமாக வையுங்கள். மீட்பு எண் உங்களுடைய எண்தானா என்று பாருங்கள்.' இவ்வளவும் அதில் இருந்தது. ஒருத்தியைத் தவிர மற்ற பதினொரு பேரும் தினமும் அதற்குக் கீழே நின்றுதான் போனை என்னிடம் நீட்டினார்கள். யாரிடமும் சொல்லாதே என்றால் அக்காவிடம் சொல்லலாம் என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். அக்கா 'யாரோ' இல்லையே.

அந்த மீட்பு எண் சமாசாரத்தை விளக்க வேண்டும். நீங்கள் என்னைப் பிடித்தது அதில்தான். இந்தப் பெண்கள் சிம்மைச் சேலை மாதிரி மாற்றுவார்கள். எவன் ஆஃபர் கொடுக்கிறானோ அவன் சிம். ஆறு மாதம் கழித்து மெயில் பாஸ்வேர்டு மறந்துபோகும். மெயில்காரன் பழைய நம்பருக்குக் கோடு அனுப்புவான். பழைய சிம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ. அழுதுகொண்டு வருவார்கள். ஆகவே ரூமுக்கு வருகிற அன்றே, பாஸ்வேர்டு மறந்தால் கோடு எங்கே போக வேண்டும் என்று கேட்கிற இடத்தில் என் நம்பரைப் போட்டுக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. பதினாறு வருஷமாக மாறாத நம்பர். கடைசியில் 417. முதலில் போட்டவள் பூமாரி. அவள் மற்றவளுக்குச் சொல்ல, மற்றவள் அடுத்தவளுக்குச் சொல்ல, ரேஷன் கடைக்குப் புது அரிசி வந்த சேதி மாதிரி பரவிவிட்டது.

பூமாரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது சொல்வார்கள். அவளுக்கு இசக்கிபாண்டி என்று ஒரு பையன். பேருக்குப் பின்னால் 143. இருங்காட்டுக்கோட்டையில் ரூம், இரண்டு மாதமாக வேலை இல்லை, இவளிடம் ரீசார்ஜுக்குக் கேட்பான். நான் அவள் போனிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன், 'இனிமே எனக்கு மெசேஜ் பண்ணாத' என்று. அனுப்பினதை அழித்தேன். அவன் நம்பரைத் தடுத்து வைத்தேன். நாலு நாள் அழுதாள். நான்தான் ரசம் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறேன் என்று என்னிடம் வந்து சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கிற அவள் சூப்பர்வைசர் பெண்டாட்டியிடம் சொன்னேன். அடுத்த வாரம் பூமாரியை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள், புது இடமும் கிடைக்கவில்லை, ஊருக்குப் போனாள். இதில் என் தப்பு என்ன? நல்ல சேதியை நாலு பேரிடம் சொல்லாமல் உறியிலா கட்டித் தொங்கவிடுவார்கள்?

சுகப்பிரியா அந்தப் பூமாரியின் ரூமில் இருந்தவள். பூமாரி போன பிறகு தங்கமாரி அங்கே வந்தாள். சுகப்பிரியா மூன்று வருஷமாக என்னிடம் இருந்தாள். வந்த புதிதில் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு என் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் சொல்வாள். அவள் அப்பா பனையேறி விழுந்தது, தம்பி பாலிடெக்னிக் சேர்ந்தது, அவளுக்கு நர்ஸ் படிக்க ஆசை இருந்தது, எல்லாம். பூமாரி போன பிறகு பேச்சைக் குறைத்தாள். கேட்டால், "நல்லா இருக்கேங்க்கா" என்பாள். நல்லா இருக்கிறாள் என்பது ஒரு சேதியா, மேடம்?

அந்த வகுப்பு நடந்த மறுநாள் ஏழாவது சந்து காலி.

"இன்னாடி, போன் எங்க?" என்றேன்.

"கம்பெனி லாக்கர்லயே வச்சிக்கிடுதேன்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா கீதுன்னு நான் சொன்னனா? பஸ்ஸு போயிடுமேடி."

"ஷேர் ஆட்டோல வந்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து எல்லாருக்கும் முக்கால் மணி பிந்தி, வியர்த்து விறுவிறுத்து வருவாள். மெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள். காலண்டர் அட்டையில் இருந்தது வேலை செய்யவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போட்டுப் பார்த்தேன், தெரிந்தது. புதியது ஒரு முழு வாக்கியமாம், அவர்கள் ஊர்க் குளத்தைப் பற்றியதாம். தங்கமாரி மற்ற பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் தங்கமாரியிடம் சொல்லியிருக்கிறாள். நேற்று வந்தவளிடம். தாளில் போட்டிருந்ததை எல்லாம் வரிக்கு வரி செய்தாள் சுகப்பிரியா, கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டாள். மீட்பு எண் என்னுடையதாகவே இருந்தது. தலைவாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக் கதவுச் சாவி என் இடுப்பில்.

ஏழாவது சந்தில் போனுக்குப் பதில் ஒரு சாஸரை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஒன்றரை மாதம் பொறுத்தேன்.

இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் என் போனில் அவள் மெயில் முகவரியைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிற இடத்தை அழுத்தினேன். கோடு பார்த்துச் சொல்வதைத் தவிர எனக்கு மெயில் திறக்கத் தெரியாது என்பது பெண்களின் நினைப்பு. நான் பத்தாவது வரை படித்தவள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோடு எனக்கே வந்தது. புதுப் பாஸ்வேர்டு கேட்டது. என் பேரைப் போட்டு 123 சேர்த்தேன். அம்மா மாதிரிதானே.

மேலாகவே இருந்தது அந்த மெயில். நர்ஸ் படிப்புக்கு அவள் ஊர்ப் பக்கத்து அரசு கல்லூரியில் இடம். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்கிறேன் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் இடம் போய்விடும். விண்ணப்பம் போட்டது இரண்டு மாதத்துக்கு முன்னால். சான்றிதழ் வாங்கி, போட்டோ எடுத்து, எல்லாம் முடித்திருக்கிறாள். என் வீட்டுக் கூரைக்குக் கீழே. என் வீட்டு மோட்டார் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் நான் அவசரப்படவில்லை. அவளுக்குச் சந்தர்ப்பம் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் ஓடிவந்தாள். "அக்கா, மெயிலு திறக்க மாட்டக்கு. உங்க நம்பருக்குக் கோடு அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்கக்கா."

முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை சுட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். "இன்னாடி அவசரம்? எதுக்கு மெயிலு?"

"சும்மாதாங்க்கா."

"சும்மாவா இப்டி மூச்சு வாங்குது?"

"பி.எஃப். பாக்கணும்க்கா."

"ஊர்ல எதுனா விசேஷமா?"

"ஒண்ணுமில்லக்கா."

மூன்று தடவை கேட்டேன், மேடம். மூன்று தடவையும் அடையைப் பிய்த்துக்கொண்டே பொய் சொன்னாள். என் போனில் ஆறு எண் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "கோடு வர்லடி, டவர் இல்ல போல கீது. நாளைக்கிப் பாக்கலாம்" என்றேன். ஊர் பேர் தெரியாதவளிடம் கோடைச் சொல்லக் கூடாது என்று தாளிலேயே போட்டிருக்கிறதே. அன்றைக்கு அவள் எனக்கு ஊர் பேர் தெரியாதவளாகத்தான் இருந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். கலந்தாய்வு நடத்துகிற தளத்துக்கும் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றேன். அது மெயிலுக்குக் கோடு அனுப்பியது. மெயில்தான் என்னிடம் இருக்கிறதே. ஒரு சாவிக்கொத்து கையில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. உள்ளே பச்சையில் 'ஏற்கிறேன்', சிவப்பில் 'வேண்டாம்'. சிவப்பை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று மறுபடியும் கேட்டது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இரண்டு தடவை கேட்பது நல்ல ஏற்பாடு. இரண்டாவது தடவையும் அழுத்தினேன். கரண்டு பில் கட்டுவதைவிடச் சுலபமாக இருந்தது. அப்புறம் கொல்லையில் துணி எடுத்தேன், மழை வருகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவளுக்குக் கோடைக் கொடுத்தேன். இப்போது வந்துவிட்டது என்றேன். என் முன்னாலேயே திறந்தாள். நின்றபடி படித்தாள். பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அந்தப் படிப்புக்கு அவளுக்கு இதுதான் கடைசி வருஷமாம், அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடுமாம். அப்போதுதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன்.

"யாருக்கா இதைப் பண்ணியிருப்பா?" என்றாள்.

"பாஸ்வேர்ட யார்கிட்டடி சொன்ன?"

"தங்கமாரிகிட்ட மட்டுந்தாங்க்கா."

"அப்போ?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். தங்கமாரி பேரை என் வாயால் சொல்லவே இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவள்தான் உள்ளே போய் அதை மாற்றியிருப்பாள் என்று சுகப்பிரியா தானாகவே முடிவுக்கு வந்தாள். யோசிக்கத் தெரிந்த பெண்.

அப்புறம் அந்த ரூமில் நடந்ததைத் தெருவே கேட்டது. "எங்கம்மா சத்தியமா நான் தொடலட்டி. நான் ஏன்ட்டி உன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போறேன்?" என்று தங்கமாரி கத்தினாள். சுகப்பிரியா, "உன்னைய நம்பித்தானட்டி சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மற்ற பத்துப் பெண்களும் வாசலில் நின்றார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரி என்றால் ஒரு நியாயம் சொல்ல வேண்டுமே. கூட இருப்பவளுக்குத் துரோகம் செய்தவளை வைத்துக்கொண்டால் நாளைக்கு மற்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு? தங்கமாரியைக் காலி செய்யச் சொன்னேன். புதன்கிழமை காலையில் ஒரு டிராவல் பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாகப் போனாள். போகும்போது என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். வாளிக்குள் வைத்திருந்த இட்லிப் பானை லொடலொடவென்று ஆடிக்கொண்டே போனது. பாவமாக இருந்தது. மூடியைத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் நேராக உங்களிடம் வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் பேரைத் துடைத்துக்கொள்ள வேறு வழி தெரியாமல் வந்திருக்கிறாள். நீங்கள் சுகப்பிரியாவைக் கூப்பிட்டு மெயிலைத் திறக்க வைத்தீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் மணி இரண்டே காலுக்கு, 417-இல் முடிகிற எண்ணுக்குப் போன கோடை வைத்துப் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது என்று எழுதியிருந்ததாம். நான் அந்தத் தாளையே ஒட்டி வைத்தவள். கடைசி வரியைப் படித்தவளும் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். பாருங்கள், நானே அதில் மாட்டிக்கொண்டேன்.

ஆக, ஆமாம். நான்தான் செய்தேன். அவள் மெயிலைத் திறந்ததும் நான், வேண்டாம் என்று அழுத்தியதும் நான், கோடு வரவில்லை என்று சொன்னதும் நான். தங்கமாரி எதையும் தொடவில்லை. ஏன் செய்தாய் என்று காலையிலிருந்து மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். நானும் மூன்று விதமாக யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான். இன்றைக்கு நான் என்பதால் ஒரு படிப்போடு போயிற்று. நாளைக்கு வேறு எவனாவது உள்ளே புகுந்திருந்தால் என்னவெல்லாம் போயிருக்கும்? இந்த ஊரில் இப்போது எத்தனை பெண்கள் மீட்பு எண்ணைத் திறந்து பார்த்து மாற்றியிருப்பார்கள் தெரியுமா? என் வீட்டில் மட்டும் பதினொரு பேர். எல்லாம் புதன்கிழமையிலிருந்து. கம்பெனிக்காரன் வகுப்பு எடுத்துச் சாதிக்காததை நான் ஒருநாள் மத்தியானத்தில் சாதித்தேன். ஸ்டாண்டு இப்போது முழுக்கக் காலியாக இருக்கிறது. தணிகாசலம் அதில் தட்டு அடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நீங்கள் தட்டச்சு செய்த தாளைப் படித்துவிட்டேன். ஒரு எழுத்துப்பிழை தவிர எல்லாம் சரி. இதில் நான் கையெழுத்துப் போட்டு, இன்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கலந்தாய்வு அலுவலகத்துக்கு மெயிலில் போய்ச் சேர்ந்தால், புதன்கிழமைக் கெடு முடிந்திருந்தாலும் அந்த இடத்தை மறுபடி அவள் பேரிலேயே வைப்பார்கள், தாண்டினால் இரண்டாவது பட்டியலில் வேறு யாருக்கோ போய்விடும் என்கிறீர்கள். புரிகிறது. போட மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே. பேனா கையில்தான் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் சுகப்பிரியாவும் தங்கமாரியும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே டீயை இரண்டு கப்பில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், நல்லது. நான் உள்ளே வரும்போது சுகப்பிரியா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். எந்தக் கல்லூரி, என்றைக்குச் சேர வேண்டும், ஹாஸ்டல் உண்டா இல்லையா, எல்லாம் எனக்குத் தெரியும். மெயிலிலேயே படித்துவிட்டேன். இருந்தாலும் என் எதிரில் உட்கார்ந்து, எங்கே போகிறாள், எந்த வண்டியில் போகிறாள், கூட யார் போகிறார்கள் என்று அவள் வாயால் ஒரு தடவை என்னிடம் சொல்லட்டும்.

சொன்னதும் போட்டுவிடுகிறேன். மணி நாலே முக்கால்தானே ஆகிறது.